பொலிஸ் பதிவும் முகநூல் பதிவும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் தெரிந்துகொண்டிருந்தபோது, பழைய கந்தோர் நண்பர் ஒருவர் பின்னால் வந்து தோளைத் தொட்டார். சுகம் விசாரிக்கும் முன்னரே, "நீர் ஏன் செத்தவீட்டுக்கு வரேல்லை?" என்று கேட்டார். ஆருடைய செத்தவீடு என்று நான் திருப்பிக் கேட்டதும் அவருடைய முகம் மாறிவிட்டது. பெயரைச் சொன்னார். பிறகு, என்னைக் குற்றம் சொல்வதா தன்னைக் குற்றம் சொல்வதா என்று தெரியாத குரலில், "எல்லாரும் பேஸ்புக்கிலை போட்டவையே, நீர் பாக்கேல்லையோ?" என்றார்.

இறந்தவரும் நானும் ஒரே திணைக்களத்தில் 19 ஆண்டுகள் அடுத்தடுத்த மேசைகளில் இருந்து எழுதுவினைஞர்களாக வேலை செய்தவர்கள். என்னுடைய தொடர்மாடியிலிருந்து தெகிவளையில் உள்ள அவருடைய வீட்டுக்குப் பஸ்ஸில் பத்து நிமிடம்கூட எடுக்காது. பொரளை கனத்தையில் தகனம் முடிந்து, எட்டுச் செலவும் முடிந்து, 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு இன்னும் மூன்று கிழமைகளே இருக்கும்போதுதான் முருங்கைக்காய்க் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் அந்தச் செய்தியைக் கேட்டேன். அதை எத்தனை ரூபாவுக்கு வாங்கினேன் என்பது வீட்டுக்கு வந்தபோது நினைவில் இல்லை.

எனக்கு முகநூலில் கணக்கு இல்லை. பல ஆண்டுகளாக இதை ஒரு சிறு பெருமையுடன் சொல்லி வந்திருக்கிறேன். வெற்றிலை போடாதவர், சீட்டு விளையாடாதவர் என்பதுபோல, முகநூலில் இல்லாதவர் என்பதும் ஒரு நற்சாட்சிப் பத்திரம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தச் சனிக்கிழமையுடன் அந்தப் பெருமை போய்விட்டது. ஆனால் பெருமை போனது மட்டும் கணக்குத் திறப்பதற்குப் போதுமான காரணம் ஆகாது என்பதால், ஏறத்தாழ மூன்று கிழமைகள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காலத்தில் மரணச் செய்தி தானாகவே வீட்டுக்கு வந்து சேரும். இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் தொடங்கினால் எங்கள் வீட்டுக் குசினியில் பாத்திரச் சத்தம்கூடக் கேளாது. அம்மா அகப்பையைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் நின்று, ஊர்ப் பெயர்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கேட்பார். பிறகு பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கம் வந்தது. கந்தோரில் காலைத் தேநீருடன் முதலில் புரட்டப்படும் பக்கம் அதுதான். அறிவிப்பவர் யாரையும் தெரிவுசெய்து அறிவிக்கவில்லை. ஊரை நோக்கிச் சொன்னார், ஊர் கேட்டது. முகநூலில் அறிவிப்பவரும் ஊரை நோக்கித்தான் சொல்கிறோம் என்று நினைக்கிறார். நண்பரின் மகன் குத்துவிளக்குப் படத்துடன், தகன நேரத்துடன் விடியற்காலையிலேயே போட்டுவிட்டானாம். அவன் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. அந்த ஊரில் எனக்கு வீடு இல்லை என்பதுதான் விஷயம்.

இவ்வளவு காலமும் ஏன் சேரவில்லை என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். நேரம் வீணாகும் என்று மற்றவர்களிடம் சொல்லி வந்தேன். இளைப்பாறிய பின்னரும் அதையே சொன்னது சற்று அதிகம்தான். அந்தரங்கம் போய்விடும் என்றும் சொன்னதுண்டு. இரண்டும் உண்மையான காரணங்கள் அல்ல. ஒருமுறை மகளின் கணினியில் முகநூலின் பதிவுப் படிவத்தைத் திறந்து பார்த்தேன். பெயர், பிறந்த திகதி, பால், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் கேட்டது. உள்ளே போனால் பிறந்த ஊர், வசிக்கும் ஊர், படித்த பாடசாலை, வேலை செய்த இடம், யார் யார் உறவினர், என்ன உறவு என்றெல்லாம் நிரப்பச் சொல்லும் என்று மகள் விளக்கினாள். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அந்தப் படிவத்தை நான் முன்னரே பல தடவை நிரப்பியிருக்கிறேன்.

போர்க் காலத்தில் கொழும்பில் வாழ்ந்த தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டில் இருப்போர் அனைவரின் விபரங்களையும் எழுதிப் பொலிஸில் பதிய வேண்டும். குடும்பத் தலைவர் யார், அவருக்கு மற்றவர்கள் என்ன உறவு, தேசிய அடையாள அட்டை இலக்கம் என்ன, நிரந்தர விலாசம் எது, கொழும்பில் தங்கியிருப்பதற்கான காரணம் என்ன என்று அந்தப் பத்திரம் கேட்கும். ஊரிலிருந்து தங்கையின் மகன் வந்து மூன்று நாள் தங்கினாலும் அவனுடைய பெயரையும் சேர்க்க வேண்டும். நள்ளிரவில் சோதனைக்கு வருவோர் அந்தப் பத்திரத்தின் பிரதியை வாங்கி, வீட்டில் உள்ள தலைகளை எண்ணுவார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்களை விடியற்காலையில் பஸ்களில் ஏற்றி வெளியேற்றியபோது, அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வியும் அதுதான்: ஏன் இங்கே இருக்கிறாய்? மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனாலும் அந்தக் கேள்வி எங்கள் பலருக்குள் தங்கிவிட்டது.

பட்டியல் என்றால் எங்களுக்குப் பயம். 1983 ஜூலையில் முகநூல் இருக்கவில்லை. வாக்காளர் இடாப்பு இருந்தது. கும்பல்கள் அந்த இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் எந்த இலக்கத்தில் தமிழர் வீடு என்று பார்த்துப் பார்த்துத் தீ வைத்தன. எனக்கு அப்போது 22 வயது. முகநூலைப் பற்றி இளையவர்கள் பேசும்போது 'தரவு' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அந்தச் சொல் வெறுமையாகத்தான் இருக்கிறது. 'இடாப்பு' என்று சொன்னால் உடனே விளங்கிவிடுகிறது.

பொலிஸ் பதிவைப் பதிவு என்கிறோம். முகநூலில் எழுதுவதையும் பதிவு என்கிறோம். இந்த ஒற்றுமையை வைத்து நான் வீட்டில் ஒருநாள் பெரிய வியாக்கியானம் செய்துகொண்டிருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி தலை நிமிராமல், "அந்தப் பதிவுக்கும் நான்தானே போனனான்?" என்றாள்.

அந்த இடத்தில் என் வியாக்கியானம் நின்றுவிட்டது. உண்மைதான். அந்த ஆண்டுகளில் ஆண்கள் பொலிஸ் நிலையத்துக்குப் போனால் திரும்பி வருவதற்கு நேரமாகும் என்று எண்ணி, பத்திரத்தை நிரப்பும் வேலையை மட்டும் நான் வைத்துக்கொண்டு, கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை அவளிடம் விட்டிருந்தேன். வரிசையில் நின்றவள் அவள். சிங்களத்தில் பதில் சொன்னவளும் அவள்தான். இப்போது என்ன நடக்கிறது என்று பார்த்தால், 11 ஆண்டுகளாக அவளுக்கு முகநூல் கணக்கு இருக்கிறது. மாலைத் தேநீரின்போது அவள் கைத்தொலைபேசியைப் பார்த்து வாசிப்பாள், நான் கேட்பேன். ஆருக்குப் பிள்ளை பிறந்தது, எந்தக் கோயிலில் கும்பாபிஷேகம், பம்பலப்பிட்டியில் யாருடைய மகளுக்குக் கலியாணம் எல்லாம் அவள் வாயால்தான் எனக்குத் தெரியும். யாருக்காவது வாழ்த்துச் சொல்ல வேண்டுமென்றால், "நானும் சொன்னனான் எண்டு போடுமன்" என்பேன். அவளும் போடுவாள். அதாவது, முகநூலில் இல்லாதவன் என்ற என் பெருமை முழுவதும் அவளுடைய கணக்கில்தான் நடந்துகொண்டிருந்தது.

பிறகேன் அந்த மரணச் செய்தி அவளுக்குக் கிடைக்கவில்லை என்று கேட்பீர்கள். கந்தோர் நண்பர்கள் அவளுடைய வட்டத்தில் இல்லை. அவளுடைய ஜன்னலைத் திறந்தால் அவளுடைய வீதிதான் தெரியும். என் வீதியில் நடப்பதை அவள் எப்படிக் காண்பாள்? போதாக்குறைக்கு, 2006இல் முகநூல் அறிமுகப்படுத்திய செய்தியோடை நண்பர்கள் போடும் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டுவதில்லை. நாம் எதைப் பார்த்து நிற்போம் என்று கணித்துத்தான் முன்னால் தள்ளுகிறது. ஆகவே கணக்கு இருந்தாலும்கூட அந்தச் செய்தி எனக்குக் கிடைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இதையும் கணக்கில் எடுத்தேன்.

இதேபோல இன்னொன்றையும் முன்னர் தவறவிட்டிருக்கிறேன். 2022ஆம் ஆண்டு மே 18ஆம் திகதி காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது, போரின் கடைசி நாட்களில் அங்கே சிக்கியவர்கள் குடித்த கஞ்சியின் நினைவாகக் கஞ்சியும் பரிமாறினார்கள். கொழும்பின் நடுவே, கடற்கரையில், சிங்கள இளைஞர்களும் நின்று அந்தக் கஞ்சியைக் குடிப்பார்கள் என்று அதற்கு முந்திய ஆண்டு யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். காலி வீதியில் 100ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறினால் போய் இறங்கும் தூரம். எனக்கு மறுநாள் மாலைதான் தெரியும், மனைவியின் கைத்தொலைபேசியில் வந்த படங்களாக. மரணத்தைத் தவறவிட்டதில் துக்கம் இருக்கிறது. இதில் இருப்பது என்ன என்று எனக்கு இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

சேராமல் இருப்பதற்கான காரணங்களும் இலேசானவை அல்ல. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனைப் பகுதியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, அதற்கு முன்னரும் பின்னரும் முகநூலில் சிங்களத்தில் ஓடிய வெறுப்புப் பேச்சைத் தடுக்க அந்த நிறுவனம் போதிய அளவு எதையும் செய்யவில்லை. அரசாங்கம் ஏறத்தாழ ஒரு கிழமை முகநூலையும் வட்ஸ்அப்பையும் வைபரையும் முடக்கியது. நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. இரண்டு ஆண்டுகளின் பின்னர் வந்த மன்னிப்பு. எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் இருக்கும் முஸ்லிம் நண்பர் அந்தக் கிழமை முழுவதும் கண்டியில் இருந்த தன் தமக்கையுடன் சாதாரணத் தொலைபேசியிலேயே கதைத்துக்கொண்டிருந்தார். முடக்கம் நல்லதா கெட்டதா என்று நான் கேட்டபோது, "அவங்களுக்கு வாயை மூடினாங்க, எங்களுக்குக் காதை மூடினாங்க" என்றார். 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னரும் 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் முடக்கம் வந்தபோதெல்லாம் இந்த வாக்கியம் எனக்கு நினைவுக்கு வந்தது.

நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது என்பதிலும் இரகசியம் எதுவும் இல்லை. அதன் வருமானத்தில் 95 வீதத்துக்கும் மேல் விளம்பரத்திலிருந்து வருகிறது. நாங்கள் எதைப் பார்க்கிறோம், எங்கே நிற்கிறோம் என்பதுதான் சரக்கு. 2018இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தில் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையிலானோரின் விபரங்கள் முறைகேடாகக் கைமாறியிருக்கலாம் என்று முகநூலே ஒப்புக்கொண்டது. ஆனால், இந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நான் ஒதுங்கி நிற்கிறேன் என்று சொல்ல முடியவில்லை. ஏனென்றால் என் கைத்தொலைபேசியில் வட்ஸ்அப் இருக்கிறது. குடும்பக் குழு, பாடசாலைக் குழு, தண்ணீர்த் தாங்கி கழுவும் நாளை அறிவிக்கும் தொடர்மாடிக் குழு என்று மூன்று குழுக்களில் இருக்கிறேன். வட்ஸ்அப்பை 2014இலேயே அதே நிறுவனம் வாங்கிவிட்டது. பின்கதவால் போய் விறாந்தையில் இருந்துகொண்டு, முன்கதவால் போகமாட்டேன் என்று சத்தியம் செய்தவனின் கதைதான் என்னுடையது. மேலும், உறுப்பினர் அல்லாதவர்கள் பற்றிய தகவல்களையும் பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சேகரிப்பதாக 2018 ஏப்ரலில் அமெரிக்க காங்கிரஸின் முன் மார்க் சக்கர்பேர்க்கே சொன்னார். என்னுடைய தொலைபேசி இலக்கத்தைத் தங்கள் கைத்தொலைபேசியில் வைத்திருக்கும் நூறு பேரில் எத்தனை பேர் தொடர்புப் பட்டியலை முழுவதுமாக ஏற்றியிருப்பார்கள்! இடாப்பில் என் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. நான் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

ரிக்ரொக், இன்ஸ்டகிராம் பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. என் வயதினர் அங்கே சாவதில்லை.

என்னை அதிக நாட்கள் தடுத்தது வேறொரு பயம். நான் எழுதுவதை நான் கட்டுப்படுத்தலாம். என் பக்கத்தில் மற்றவர்கள் எழுதுவதை எப்படிக் கட்டுப்படுத்துவது? எங்கள் உறவினர்களில் பாதிப்பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். நவம்பர் மாதம், போரில் இறந்த புலிகளை நினைவுகூரும் மாவீரர் நாள் வந்தால் அவர்கள் விளக்கேற்றுவார்கள், படம் போடுவார்கள். அது அவர்களுடைய உரிமை. அதே படத்தைப் பகிர்ந்ததற்காக இங்கே இளைஞர்கள் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகியிருக்கிறார்கள். 2024 ஜனவரி 24ஆம் திகதி பாராளுமன்றத்தில் நிறைவேறி, பெப்ரவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த, இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு இருக்கிறது. ஒரு மச்சான் அன்பு மிகுதியால் என் பெயரை ஒரு படத்தில் கோர்த்துவிட்டால், நாளை நான் யாருக்கு விளக்கம் சொல்வது? மகனிடம் இதைச் சொன்னேன். "அப்பா, இப்ப ஆர் உங்களைத் தேடப்போறான்?" என்று கேட்டான். ரொறன்ரோவில் இருந்துகொண்டு அப்படிக் கேட்பது சுகம். ஆனால் அவன் சொன்ன உபாயம் உதவியது: பிறர் என்னைக் கோர்க்கும் எதுவும் நான் பார்த்து அனுமதித்த பின்னரே என் பக்கத்தில் தெரியும்படி அமைக்கலாமாம், என் நண்பர் பட்டியலை வேறு எவரும் பார்க்க முடியாதபடியும் மறைக்கலாமாம். அந்தப் படம் மற்றவருடைய பக்கத்தில் இருப்பதை இது தடுக்காது என்பதையும் அவனே சொன்னான். முழுப் பாதுகாப்பு இல்லை. பொலிஸ் பதிவில் இந்த அளவு வசதிகூட இருக்கவில்லை.

அந்தியேட்டிக்குப் போய்வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கணினியில் கணக்கைத் திறந்தேன். கைத்தொலைபேசியில் செயலியை ஏற்றுவதில்லை என்றும், தொடர்புப் பட்டியலைக் கொடுப்பதில்லை என்றும், தொலைபேசி இலக்கத்துக்குப் பதிலாக மின்னஞ்சல் மட்டும் கொடுப்பதென்றும் முன்னரே முடிவுசெய்திருந்தேன். பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். அழிக்கச் சொன்ன பின் மனம் மாறுவதற்கு 30 நாள் அவகாசமும், தகவல்கள் முழுவதும் நீங்குவதற்கு 90 நாட்கள் வரையும் ஆகும் என்று வாசித்து வைத்திருக்கிறேன். அரசாங்க உத்தியோகத்தில் ராஜினாமாவுக்கும் இதைவிட அதிகமாக அலைய வேண்டும்.

சிக்கல் முதல் வரியிலேயே வந்தது. முதற்பெயருக்கு ஒரு பெட்டி, குடும்பப்பெயருக்கு ஒரு பெட்டி. எங்களுக்கு ஏது குடும்பப்பெயர்? தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். கந்தோரில் முதலெழுத்து மட்டும். வரிசைப்படி எழுதினால் முகநூல் என்னை என் தகப்பனின் பெயர் சொல்லி அழைக்கும். மாற்றி எழுதினால் பழைய நண்பர்கள் தேடும்போது குழம்புவார்கள். கனடாவில் என் மகனுக்கு இது ஏற்கெனவே நடந்துவிட்டது. அவனுடைய கடவுச்சீட்டில் என் பெயர் குடும்பப்பெயராகிவிட்டதால், அவனுடைய வேலைத்தலத்தில் அவனை 'மிஸ்டர்' என்று சொல்லி என் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் போகாத ஊரில் என் பெயர் தினமும் வேலைக்குப் போகிறது. வைத்த பெயரை ஒருமுறை மாற்றினால் அடுத்த 60 நாட்களுக்குத் திரும்ப மாற்ற முடியாதாம். கடைசியில் சொந்தப் பெயரை முன்னாலும் அப்பாவின் பெயரைப் பின்னாலும் தமிழில் எழுதினேன். பிறந்த ஊர்ப் பெட்டியை நிரப்பவில்லை. வசிக்கும் ஊர் என்ற இடத்தில் விரல் சற்றுத் தயங்கியது. பிறகு கொழும்பு என்று எழுதினேன். காரணம் கேட்கவில்லை.

முதல் வேலையாக நண்பரின் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். மகன் போட்ட அறிவித்தல் அங்கேயே இருந்தது. அதன் கீழ் எங்கள் கந்தோரில் வேலை செய்தவர்கள் வரிசையாக இரங்கல் எழுதியிருந்தார்கள். சிலர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நானும் இரண்டு வரி எழுதத் தொடங்கி, 31ஆம் நாளும் முடிந்த பின் எழுதுவது முறையா என்று யோசித்து, பிறகு எழுதினேன்.

அடுத்ததாக மனைவிக்கு நட்பு அழைப்பு அனுப்பினேன். குசினியில் இருந்த அவளுடைய கைத்தொலைபேசி சிணுங்கியது எனக்கும் கேட்டது. "வந்திட்டுதோ?" என்று சத்தமாகக் கேட்டேன்.

"வந்திட்டுது. பொறுங்கோ, யோசிச்சுச் சொல்லுறன்."

பகிடி என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். பிறகுதான் விளங்கியது. அங்கே அவளுக்கு 11 ஆண்டுகளாக ஒரு வீதி இருக்கிறது; அவளுடைய பாடசாலைத் தோழிகள் இருக்கிறார்கள்; அவர்களுடன் அவள் சிரிக்கிற சிரிப்பை நான் கேட்டிருக்கிறேனே தவிர, எதற்கென்று கேட்டதில்லை. மாலைத் தேநீரின்போது எனக்கு வாசித்துச் சொன்னவை அவள் வாசித்தவற்றில் எத்தனை வீதம் என்றும் எனக்குத் தெரியாது. மூன்று கிழமைகளாக நான் சேரலாமா என்று என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைச் சேர்க்கலாமா என்று யோசிக்க வேண்டிய ஒருவர் வீட்டிலேயே இருக்கிறார் என்பது என் எண்ணத்தில் வரவே இல்லை.

இன்றைக்கு நான்காவது நாள். இதை எழுதும் நேரம் வரையில் அழைப்பு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.